மேஸ்திரிக்கு லைசென்ஸ் உண்டா? வேலூரில் வீடு கட்டப்போகும் ஒருவருக்குப் பதில்

கேள்வி இதுதான்: "காட்பாடியில் 1,800 சதுர அடி மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டப்போகிறோம். 25 ஆண்டு அனுபவம் உள்ள மேஸ்திரி ஒருவர், பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் மொத்தமாக எடுத்துச் செய்வதாகச் சொல்கிறார். முன்பணம் மூன்று லட்சம் கேட்கிறார். ஒயரிங் வேலையை அவர் மகனே பார்த்துக்கொள்வாராம். கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணனோ, லைசென்ஸ் இல்லாத காண்ட்ராக்டரை வாசற்படி ஏறவிடாதே என்கிறார். மேஸ்திரியைக் கேட்டால் அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது என்கிறார். யார் சொல்வது சரி? நான் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?"

இரண்டு பேர் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி. தமிழ்நாட்டில் தனியார் வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரருக்கோ, கொத்தனாருக்கோ, தச்சருக்கோ, கம்பி கட்டுபவருக்கோ மாநில அரசு தேர்வு வைத்து வழங்கும் தொழில் உரிமம் என்று எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு பலகை மாட்டி, 'பில்டர்ஸ்' என்று பெயர் வைத்து, நாளைக்கே உங்கள் வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டலாம். உங்கள் மேஸ்திரி பொய் சொல்லவில்லை.

ஆனால் "அப்படியானால் லைசென்ஸ் என்ற பேச்சே வேண்டாம்" என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டால் பெரிய தவறாகிவிடும். வீடு கட்டும் வேலைக்குள் சில குறிப்பிட்ட இடங்களில் சட்டம் உரிமமோ பதிவோ கட்டாயம் கேட்கிறது. வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் பல ஆண்டுகளாகக் கட்டட மேற்பார்வை செய்துவரும் எனக்குத் தெரிந்தவரை, உரிமம் இல்லாத இடத்தில் மக்கள் ஏமாறுவதைவிட, உரிமம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஏமாறுவதுதான் அதிகம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அண்ணன் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று பார்த்துவிடலாம். கலிபோர்னியாவில் ஒப்பந்ததாரர் உரிமத்துக்கென்றே 1929 முதல் ஒரு மாநில வாரியம் இயங்குகிறது. பொதுக் கட்டட வேலைக்கு 'பி' வகை உரிமம், மின்வேலைக்கு 'சி-10', குழாய் வேலைக்கு 'சி-36' என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனி வகை. குறைந்தது நான்கு ஆண்டு நேரடி அனுபவத்தை நிரூபிக்க வேண்டும். தொழிலில் ஒரு தேர்வு, சட்டத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும். 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். 2025 முதல் 1,000 டாலருக்குள் அடங்கும் சில்லறை வேலைகளுக்கு மட்டும் விலக்கு. அதுவும் கட்டட அனுமதி தேவைப்படாத, வேறு ஆள் வைத்துச் செய்யாத வேலையாக இருந்தால்தான். வீட்டு வேலைக்கு முன்பணமாக மொத்தத் தொகையில் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கடுமையான விதி ஒன்று உண்டு. உரிமம் இல்லாதவர் வேலையை முடித்துக் கொடுத்தாலும், கூலி பாக்கி என்று நீதிமன்றம் போக முடியாது. ஏற்கெனவே கொடுத்த பணத்தைக்கூட வீட்டுக்காரர் திரும்பக் கேட்கலாம். இப்படிப்பட்ட ஊரில் இருப்பவர் அப்படித்தான் பேசுவார்.

அமெரிக்கா முழுவதும் இதே நிலைதான் என்றும் நினைக்க வேண்டாம். டெக்சாஸ் மாநிலத்தில் பொதுக் கட்டட ஒப்பந்ததாரருக்கு மாநில உரிமம் கிடையாது. எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும்தான் உண்டு. நம் தமிழ்நாடு இந்த விஷயத்தில் டெக்சாஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இனி உங்கள் மனைக்கு வருவோம். உங்களிடம் 'லைசென்ஸ்' என்ற பெயரில் சில காகிதங்கள் நீட்டப்படலாம். அவை எது, எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"நான் கவர்ன்மென்ட் காண்ட்ராக்டர்" என்று ஒருவர் சொன்னால், அவர் பொதுப்பணித்துறை போன்ற ஒரு துறையில் பதிவு செய்தவர் என்று பொருள். அங்கே முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இருக்கிறது. வருவாய்த்துறையின் சொத்து மதிப்புச் சான்று, முன்பு செய்த வேலைகளின் விவரம் எல்லாம் காட்டித்தான் பதிவு வாங்க வேண்டும். வகுப்பைப் பொறுத்து எவ்வளவு தொகைக்கு டெண்டர் போடலாம் என்பது அமையும். இது மதிப்புள்ள காகிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அரசு வேலைக்கான பதிவு. உங்கள் வீட்டில் அவர் கம்பியைக் குறைத்துப் போட்டால், அந்தப் பதிவை வைத்துக்கொண்டு நீங்கள் பொதுப்பணித்துறையிடம் போய் முறையிட வழியில்லை.

ஜிஎஸ்டி எண் என்பது வரிப் பதிவு. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் சேவை வரவு செலவு செய்கிறவர் வாங்கியே ஆக வேண்டியது. பொருளோடு சேர்த்து எடுக்கும் ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் வரி. தனி வீட்டுக்குக் கூலி ஒப்பந்தம் மட்டும் என்றால் அந்த வரிக்கு விலக்கு இருக்கிறது. பேசிய ரேட்டில் வரி உள்ளே அடங்குமா, வெளியே வருமா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். தளம் போட்ட பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும். உத்யம் பதிவு (சிறுதொழில் பதிவு), சங்க அடையாள அட்டை, கடைக்கான மாநகராட்சி உரிமம் இவையெல்லாம் அவர் ஒரு தொழில் நடத்துகிறார் என்பதற்கு அத்தாட்சி. தொழில் தெரிந்தவர் என்பதற்கு அல்ல.

சரி, சட்டம் உண்மையிலேயே உரிமமோ பதிவோ கேட்கும் இடங்கள் எவை?

முதலாவது, வரைபடத்தில் இருக்கும் கையெழுத்து. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 கட்டட வடிவமைப்பாளர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்யச் சொல்கிறது. யாருக்கு என்ன பொறுப்பு என்றும் சொல்கிறது. 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ள 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். பொறியாளர்களுக்கு அப்படி ஒரு நாடு தழுவிய சட்டம் இல்லை. ஆகவே உள்ளாட்சிப் பதிவுதான் உங்களுக்குப் பிடிமானம்.

உங்கள் அளவு வீட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் அடங்கும் மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டுகிறவர்கள், சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடியாக அனுமதி பெற்றுவிடலாம். அலுவலகத்தில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுயசான்று என்பதன் பொருளை யோசித்துப் பாருங்கள். முன்பு ஓர் அலுவலர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியதை இப்போது நீங்களே உறுதிமொழி கொடுத்துச் சொல்கிறீர்கள். பக்கவாட்டு இடைவெளியை விழுங்கிக் கட்டிவிட்டு மேஸ்திரி போய்விடுவார். நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

இங்கேதான் நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தன் வீட்டு வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளரின் முகத்தையே பார்த்திராத வீட்டுக்காரர்கள் நம் ஊரில் ஏராளம். வரைபடம் போடுகிற கடையில் பணம் கட்டுகிறார்கள். வரைபடம் முத்திரையோடு வருகிறது. அத்துடன் பொறியாளர் வேலை முடிந்தது. அஸ்திவாரக் குழியில் மண் எப்படி இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை. பாலாற்றங்கரை மணலும், மலையடிவாரத்துப் பாறையும், பழைய ஏரி வண்டலும் ஒரே மாநகராட்சி எல்லைக்குள் அடுத்தடுத்து வரும் ஊர் இது. ஒரு தெருவில் நின்ற அஸ்திவாரம் அடுத்த தெருவில் நிற்காது. பதிவு பெற்ற பொறியாளரிடம், கையெழுத்துக்கு மட்டுமல்லாமல், குறைந்தபட்சம் அஸ்திவாரக் குழி, தூண் கம்பி, தளக் கம்பி ஆகிய மூன்று கட்டங்களில் நேரில் வந்து பார்ப்பதற்கும் சேர்த்துக் கட்டணம் பேசுங்கள். உங்கள் மொத்தச் செலவில் இது மிகச் சிறு பகுதி. நான் தரும் ஆலோசனைகளில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்.

அவர் வந்தால் என்ன பார்ப்பார்? உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். தூணில் நேர்க்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் இருக்கிறதல்லவா, அதன் முனைகளைப் பாருங்கள். நம் பக்கம் பெரும்பாலும் 90 டிகிரியில் 'எல்' மாதிரி மடித்து விட்டுவிடுவார்கள். மடிக்கச் சுலபம், கம்பியும் மிச்சம். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதியோ முனையை 135 டிகிரிக்கு மடித்து, குறைந்தது 65 மில்லிமீட்டர் நீளம் தூணின் உள்பக்கம் நுழையும்படி விடச் சொல்கிறது. ஏன் என்றால், தூண் குலுங்கும்போது மேல் காங்கிரீட் உதிரும்; 90 டிகிரி கொக்கி உடனே வாய் திறந்துவிடும், நேர்க்கம்பி வெளியே பிதுங்கும், தளம் இறங்கும். 135 டிகிரி கொக்கி உள்ளே இருக்கும் காங்கிரீட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும். இந்த வித்தியாசத்துக்கு ஆகும் கூடுதல் கம்பி, முழு வீட்டுக்கும் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு கதவின் விலைகூட வராது.

"வேலூரில் ஏது நிலநடுக்கம்" என்று மேஸ்திரி சொல்லலாம். 2002 ஆம் ஆண்டு நிலநடுக்க வரைபடம் வேலூரை, மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மேலே சொன்ன ரிங் விதி மூன்றாம் மண்டலத்திலிருந்து கட்டாயம். 2021 இறுதியில் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் வீட்டை விட்டு மக்கள் வெளியே ஓடி வந்த நில அதிர்வுகள் நினைவிருக்கும். அதே ஆண்டு நவம்பர் கனமழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். மழையும் அதிர்வும் வருவதை நாம் தடுக்க முடியாது. சுவரும் தூணும் நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது இடம் மின்சாரம். இங்கே சட்டத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, வீட்டு ஒயரிங் வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் உடனிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமங்களையும் சான்றுகளையும் தருவது சென்னையில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். அடிப்படியில் மின் கம்பியாள் உதவியாளர், அதற்கு மேல் மின் கம்பியாள், அதற்கும் மேல் மேற்பார்வையாளர் என்று படிகள் உண்டு. மேற்பார்வையாளருக்கு டிப்ளமோ போன்ற படிப்பு வேண்டும். 'சி லைசென்ஸ்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒப்பந்ததாரர் உரிமம் வேண்டுமானால் இப்படிச் சான்று பெற்ற ஆட்களும் சோதனைக் கருவிகளும் தன்னிடம் இருப்பதைக் காட்ட வேண்டும்.

நடப்பது என்ன? ஊரில் கைத்தொழில் தெரிந்த ஒரு பையன் முழு வீட்டுக்கும் ஒயர் இழுத்துவிடுகிறான். மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது ஒயரிங் முடிந்ததற்கான சோதனை அறிக்கை வேண்டுமே என்று, உரிமம் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு தொகை கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்த அறிக்கையில் காப்புத்தடை (ஒயர் தோல் மின்கசிவைத் தடுக்கும் அளவு) இவ்வளவு, எர்த் தடை இவ்வளவு என்று எண்கள் எழுதியிருக்கும். கருவியை யாரும் வீட்டுக்குள் கொண்டுவந்தே இருக்க மாட்டார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடும் குழந்தையின் உயிரை அந்த எண்தான் காக்கிறது.

நீங்கள் இதை மாற்றிச் செய்யுங்கள். அறிக்கையில் கையெழுத்திடப்போகிறவர் யார் என்பதை வேலை தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய உரிமத்தின் நகலை வாங்கி, எண்ணையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். காலாவதியான உரிமத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும், காப்புத்தடையை அளக்கும் மெகர் கருவியை உங்கள் முன்னால் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சுவிட்சுகளை எல்லாம் போட்டு, பல்புகளையும் சாதனங்களையும் கழற்றிவிட்டு, லைன் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் நேர் மின்னழுத்தத்தை (டிசி) ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும். குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். புது வீட்டில் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகவே காட்டும். ஒன்றை ஒட்டி நின்றால் எங்கோ ஒயர் தோல் உரிந்திருக்கிறது, அல்லது சுவருக்குள் பைப்பில் தண்ணீர் நிற்கிறது.  

மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிடி கட்டாயம் வையுங்கள். அதில் 'டி' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மின் இணைப்பு வந்த அன்றே அதை அழுத்திப் பாருங்கள், மொத்த வீடும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அந்தக் கருவி சுவரில் வெறும் அலங்காரம். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பிளம்பர் விஷயத்தில் மாநில அளவில் மின்சாரத்துக்கு இருப்பது போன்ற இறுக்கமான ஏற்பாடு இல்லை. வீட்டுக்குள் குழாய் போடுகிறவரைத் தொழில் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தெருவில் ஓடும் குடிநீர்க் குழாயிலோ பாதாளச் சாக்கடையிலோ கை வைப்பது மட்டும் மாநகராட்சி அனுமதியோடு, அவர்கள் சொல்லும் முறையில்தான் நடக்க வேண்டும். "இரவோடு இரவாக இணைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம். குழாய்களைச் சுவருக்குள் மூடும் முன் ஒரு நாள் அழுத்தச் சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள், அது போதும்.

போர் போடுவதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும். வண்டிக்காரர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். தண்ணீர் வராத குழியை அன்றே மூடிவிடுங்கள். எத்தனை குழந்தைகளை இழந்த பிறகு இந்த விதி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பிற்காலத்தில் லிப்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், 1997 ஆம் ஆண்டு லிப்ட் சட்டப்படி மின் ஆய்வுத் துறையிடம் அனுமதியும் இயக்க உரிமமும் வாங்க வேண்டும். வீட்டுக்குள் வைக்கும் சிறு லிப்டுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று விற்பனையாளர் சொல்வார். அவர் பேச்சை நம்பி விட்டுவிடாமல், துறையிடம் நேராகக் கேளுங்கள்.

அடுத்து, மேஸ்திரிக்கு உரிமம் இல்லாத நிலையில் உங்களுக்கு என்ன பாதுகாப்பு? எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான். நம் பக்கத்தில் "பேச்சுதான் முக்கியம், காகிதம் எதற்கு" என்பார்கள். பேச்சு முக்கியம்தான். ஆனால் பத்து மாதம் கழித்து எந்தப் பேச்சு யாருக்கு நினைவிருக்கும்? ஒரு முத்திரைத்தாளில், சாதாரணத் தமிழில், இரண்டு பேருக்கும் புரியும்படி எழுதினால் போதும். வக்கீல் மொழி தேவையில்லை.

சதுர அடிக் கணக்கு என்றால் எதை அளப்பது என்பதிலிருந்து தொடங்குங்கள். போர்டிகோ, மாடிப்படி, படிக்கூண்டு, பால்கனி இவை முழு அளவா, அரை அளவா? கீழ்நிலைத் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், போர் உள்ளே சேருமா? வேலூர் வட்டாரத்தில் நான் பார்த்த வீட்டுத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் வெடித்திருக்கின்றன. கம்பி எந்தக் கம்பெனி, எந்த கிரேடு, சிமென்ட் எது, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பொதுப்பணித்துறைத் தரச் சான்று பெற்ற ஆலையிலிருந்து வருமா, பூச்சுக்குத் தனியாகப் பி-சாண்ட் (அதிலேயே நைசான வகை) போடுவார்களா, செங்கல் எந்தச் சூளை, எல்லாம் எழுத வேண்டும். தளம் போட்ட பிறகு அதைத் தாங்கும் முட்டு எத்தனை நாள் நிற்கும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சாதாரண அறை அகலத் தளத்துக்கு அடிமுட்டுகள் குறைந்தது 7 நாளும், நாலரை மீட்டருக்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாளும் நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஓடுகிறது என்பதற்காக மூன்றாம் நாளே பிரிக்க வருவார்கள்.

தண்ணீர் நனைப்பு யார் பொறுப்பு என்பதை எழுதாமல் விடாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வேலூரில் போட்ட காங்கிரீட் மதியத்துக்குள் வெளுத்துவிடும். காலையில் ஒரு முறை தெளித்துவிட்டுப் போனால் பயன் இல்லை. தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும், தூணுக்குச் சாக்கு சுற்றி ஈரம் காக்க வேண்டும், குறைந்தது பத்து நாள். லாரித் தண்ணீர் வாங்க வேண்டிவந்தால் அந்தச் செலவு யாருடையது? எழுதவில்லை என்றால் யாரும் வாங்க மாட்டார்கள். காங்கிரீட்தான் தாகத்தோடு கிடக்கும்.

முன்பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று லட்சத்தை மொத்தமாகக் கையில் கொடுக்க வேண்டாம். ஒரு சிறு தொகையை அச்சாரமாகக் கொடுத்துவிட்டு, அஸ்திவாரத்துக்கான சிமென்டும் கம்பியும் மனைக்கு வந்து இறங்கும்போது அவற்றுக்கான பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். அதன் பிறகு அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு, முடிப்பு என்று கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டமும் முடிந்து பொறியாளர் பார்த்த பிறகு. எப்போதும் செய்த வேலையைவிடக் கொடுத்த பணம் குறைவாகவே இருக்கட்டும். கடைசியில் ஐந்து சதவீதத்தை நிறுத்திவைத்து, ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒழுகல் இல்லை என்று தெரிந்ததும் கொடுப்பதாக எழுதுங்கள். நேர்மையான மேஸ்திரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார். அதே நேரம் அவர் பக்கத்து நியாயத்தையும் மறக்காதீர்கள். சனிக்கிழமை மாலை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டியவர் அவர். முடித்த கட்டத்துக்கான பணத்தை இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களால் நொடிந்துபோன மேஸ்திரிகளையும் நான் அறிவேன்.

மீறித் தகராறு வந்தால்? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் உங்களுக்கு உதவாது. அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டங்களுக்கானது. சொந்த மனையில் ஒப்பந்தம் போட்டுக் கட்டும் தனி வீடு அதன் கீழ் வராது. உங்கள் வழி நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993 இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அது வேலூரிலேயே இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எழுதிய ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், கட்டம் கட்டமாக எடுத்த படங்கள் இவை இருந்தால்தான் அங்கே உங்கள் வாய்க்கு வலு. உரிமம் என்ற ஏற்பாடு இருந்தால் வாரியத்திடம் ஒரு புகார் எழுதினால் முடிந்திருக்கும் விஷயம் இது. அந்த வகையில் உங்கள் அண்ணனின் ஆதங்கம் முழுக்க நியாயமானது. தமிழ்நாட்டிலும் ஒப்பந்ததாரர் உரிமம் வர வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் ஒன்று. அது வரும்போது, பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத, கைத்திறன் மிகுந்த கொத்தனாரை வெளியே தள்ளிவிட்டுக் காகிதம் வைத்திருப்பவரை உள்ளே விடுவதாக அமைந்துவிடக் கூடாது.

வேலை செய்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ள கொத்தனார், சித்தாள், பெயின்டர், கம்பி கட்டுபவர் எல்லோரும் பதியலாம். அந்த அட்டை திறமைச் சான்று அல்ல, ஆனால் சாரத்திலிருந்து விழுந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவிக்கும், பிள்ளைகளின் படிப்பு உதவிக்கும், அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியத்துக்கும் அதுதான் சாவி. நாம் கட்டட அனுமதி வாங்கும்போது கட்டும் ஒரு சதவீத நல நிதி அங்கேதான் போகிறது. உங்கள் மனையில் வேலை செய்பவர்களிடம் அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லை என்றால் இணையத்தில் பதிய உதவுங்கள். பேரணாம்பட்டிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி வரும் சித்தாள் பெண்கள் பலரிடம் இந்த அட்டை இல்லை.

கடைசியாக மேஸ்திரியின் மகன். அவரை வேண்டாம் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. இப்போதைக்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வேலையைக் கொடுத்து, அவர் பொறுப்பில், அவர் மேற்பார்வையில் அந்தத் தம்பி ஒயர் இழுக்கட்டும். மேஸ்திரியிடமும் இதை அவமதிப்பாகப் படாதபடி சொல்லலாம். மகன் பெயரில் சான்று இல்லாததால் நாளை ஏதாவது நேர்ந்தால் போலீஸ் நிலையத்தில் நிற்கப்போவது அவன்தான் என்று சொன்னால் எந்தத் தகப்பனுக்கும் புரியும். கூடவே அந்தத் தம்பிக்கு மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு பற்றிச் சொல்லுங்கள். அதற்குப் பட்டமோ டிப்ளமோவோ தேவையில்லை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தேர்வு அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் நடக்கிறது. அறிவிப்பு நாளிதழ்களில் மாவட்டச் செய்தியாக வரும். வேலூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் நேரில் விசாரித்தால் அடுத்த தேர்வு எப்போது, விண்ணப்பம் எங்கே என்று சொல்வார்கள். அனுபவச் சான்று ஒன்றை விண்ணப்பத்துடன் வைக்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டு வேலையை எடுக்கும் மின் ஒப்பந்ததாரரிடமே அதற்கான பேச்சை இப்போதே தொடங்கிவிடச் சொல்லுங்கள்.